ஸ்வெட்டருக்குள் ஒரு முட்டைப் பந்து

என் மாமா இலங்கைக்காக ரக்பி விளையாடியவர் என்றால் எங்கள் தேயிலைத் தோட்டத்தில், "எத்தன ரன்னு அடிச்சாரு?" என்று கேட்பார்கள். அம்மாவின் தம்பி அவர். கண்டியில் படிக்கப்போன இடத்தில் ஆடத் தொடங்கி, வெளிநாடெல்லாம் போய் ஆடி, கடைசியில் விளையாட்டை விட்டு டாக்டராகிவிட்டார். அவர் கொண்டுவந்து கொடுத்த, ரக்பி ஆடும் முட்டைப் பந்து ஒன்று லயத்து வீட்டில் என்னோடு இருந்தது. மற்றப் பிள்ளைகள் அதைச் சீண்டவே மாட்டார்கள், அவர்களுக்குக் கிரிக்கெட்தான் உயிர். அப்பா கொழும்பில் கடைவேலை, அம்மா மலையில் கொழுந்து எடுக்கப் போய்விடுவாள். நான் தனியாகவே கிடப்பேன். அந்தப் பந்தை எனக்கு எறிந்து விளையாடும் ஒரே ஆள் மாமாதான்.

டாக்டரான பிறகு முதல்தடவையாக ஒரு சனிக்கிழமை இரவு வந்தார். திங்கட்கிழமை காலையில் ஹட்டனில் பஸ் ஏறி, எங்கோ தொலைவில் கிடைத்த ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். எனக்கு ஞாயிறு ஒரு பகல்தான். விடிந்ததும் பந்தோடு வெளியே வந்தால் வாசலில் பெரட்டு! காலையில் வேலைக்குப் பேர் கொடுக்க நிற்பதுபோலவே, மாமாவிடம் நோயைக் காட்டப் பெண்கள் ஒரு வரிசை, ஆண்கள் ஒரு வரிசை. யாரும் சொல்லவில்லை, அவர்களாகவே நின்றார்கள். "ஐயோ, உக்காருங்க!" என்று மாமா கெஞ்சினார். நேற்றுவரை அவரை 'டேய்' என்று கூப்பிட்டவர்கள்கூட, "இருக்கட்டுங்க ஐயா" என்று கைகட்டி நின்றார்கள்.

மத்தியானம் தாண்டி மூடுபனியும் இறங்கிவிட்டது, வரிசை குறையவில்லை. பந்தை ஸ்வெட்டருக்குள் திணித்துக்கொண்டு பெண்கள் வரிசையில் போய் நின்றேன்.

"என்னா செய்யுது?" என்றார் மாமா, நிமிராமலே.

"வயிறு வீங்கிருச்சு மாமா."

வாசலே சிரித்தது. மாமா மட்டும் சிரிக்கவில்லை. பந்தை வெளியே எடுத்து, இரண்டு கையாலும் பிடித்து, மெல்ல முகர்ந்து பார்த்தார். எறியப்போகிறார் என்று நான் பின்னால் ஓடி நின்றேன். அவரோ அதை மடியில் வைத்துக்கொண்டு, "அடுத்த ஆளு வாங்க" என்றார்.

இருட்டும்வரை அது அவர் மடியிலேயே இருந்தது. காலையில் நான் எழுந்தபோது மாமாவும் இல்லை, பந்தும் இல்லை.

பெரிய டாக்டர் ஆகிவிட்ட திமிர், கோபத்தில் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார் என்று அம்மாவிடம் தேம்பித் தேம்பி அழுதேன். ஆட்டத்தை விட்டுவந்த ஏக்கத்தில்தான் எடுத்துப்போனார், அதை எறிந்து விளையாட அவருக்கும் ஓர் ஆள் இல்லை என்பது எனக்கு அப்போது எங்கே தெரிந்தது!