அரை டிக்கெட்

எழுபதுகளில் பொம்மிடி பஸ் ஸ்டாண்டில் எங்களுக்குப் பரோட்டாக் கடை. பள்ளிக்கூடம் விட்டதும் என் மகன் கல்லாப்பெட்டி பக்கத்தில் உட்கார்ந்து பரோட்டாவும் சால்னாவுமாகத் தின்பான். "கடைக்கு இவனே போர்டுங்க" என்று வருகிறவர்கள் அவன் கன்னத்தைக் கிள்ளுவார்கள். நானும் பூரித்துப்போய் இன்னொரு பரோட்டாவைப் பிய்த்துப் போடுவேன்.

ஒருநாள் மொரப்பூருக்கு ரயிலில் போனோம். மகனின் டிக்கெட்டைப் பார்த்துப் பரிசோதகர் சிரித்தார்.

"இந்த உடம்புக்கு அரை டிக்கெட்டா? பன்னெண்டு தாண்டியாச்சு. அபராதம் கட்டுங்க."

"பத்து வயசுதாங்க! பெத்தவளுக்குத் தெரியாதா?" என்று கத்தினேன். பெட்டியே சிரித்தது. "பதினாலு இருக்கும்" என்று எதிர்சீட்டுக்காரர் எடுத்துக் கொடுத்தார். அந்த ஆளை இன்று பார்த்தாலும் விடமாட்டேன்.

"நீயே சொல்லுடா" என்று மகனை எழுப்பி நிறுத்தினேன்.

அவன் தலையைக் குனிந்துகொண்டு, "பதிமூணுங்க" என்றான்.

அபராதத்தைக் கட்டிவிட்டேன். மொரப்பூரில் இறங்கியதும், "ஏன்டா பொய் சொன்னே?" என்று கையை ஓங்கினேன்.

"பத்துன்னு தெரிஞ்சா இன்னும் சிரிப்பாங்கம்மா."

ஓங்கிய கை இறங்கவில்லை.

மறுநாள் கடையில் அவன் தட்டில் கேழ்வரகுக் களி வைத்தேன். "புள்ள எளைச்சிருவான், ரெண்டு பரோட்டா போடுங்க" என்று ஒரு வாடிக்கையாளர் கன்னத்தைக் கிள்ள வந்தார். அந்தக் கையைத் தட்டிவிட்டேன்.

"அவனுக்குப் பத்து வயசுதாங்க."

அவர் அப்புறம் கடைப்பக்கமே வரவில்லை. வராததற்கு நான் ஒருநாளும் வருந்தியதில்லை.