வெலாசிட்டிக்கு சாம்பிள் அப்ரூவல்

நான் வெலாசிட்டியைத் தேர்ந்தெடுத்தது கம்பெனிக்காகவா, என் குழந்தைக்காகவா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் ஜாவா தெரிந்தவள் நான் ஒருத்திதான். வெளிநாட்டு பையர்கள் தங்கள் ஆர்டர் எந்த நிலையில் இருக்கிறது என்று இன்டர்நெட்டில் பார்க்க ஒரு பக்கம் வேண்டும் என்றார் முதலாளி. ஜாவாவில் அதற்கு இரண்டு வழி: ஜேஎஸ்பி, வெலாசிட்டி. ஜேஎஸ்பியில் எழுதினால் புரோகிராமும் பக்கமும் பின்னிக் கிடக்கும். ஒரு வார்த்தையை மாற்றவும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். வெலாசிட்டி என்றால் டெம்ப்ளேட், அதாவது பக்கத்தின் அமைப்பு, தனிக் கோப்பு; ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசரே மாற்றிக்கொள்ளலாம். ஐந்தரைக்கு நான் கிளம்பாவிட்டால் என் பத்து மாத மகள் அழுது அத்தையை ஒரு வழி பண்ணிவிடுவாள். என் நியாயம் அவ்வளவுதான். அதை முதலாளியிடம் சொல்ல முடியுமா?

"ரெண்டுலயும் ஒரு சாம்பிள் போட்டுக் காட்டுங்கம்மா," என்றார் அவர். இரண்டிலும் எழுதி பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். தாள்களை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ரெண்டும் ஒரே கலர் சேடுங்களே. என்ன வித்தியாசம்?"

"வெளிய தெரியாதுங்க. உள்ளதானுங்க வித்தியாசம்."

பனியனைப் புரட்டித் தையல் பார்ப்பவரிடம் இதைச் சொல்லியிருக்கக் கூடாது. "அப்ப உள்பக்கத்தைக் காட்டுங்க," என்றார். புரோகிராமையும் பிரிண்ட் எடுத்தேன்.

மெர்ச்சண்டைசர் ஜேஎஸ்பி தாளை எட்டிப் பார்த்து, "ஏனுங்க, இதுல நூலெல்லாம் வெளிய தொங்குதுங்க," என்றார். வெலாசிட்டியில் ஓரம் மடக்கும் ஓவர்லாக் தையல் சுத்தமாம். முதலாளி வெலாசிட்டி பக்கத்தின் பிரிண்ட்டில் கையெழுத்துப் போட்டு, அப்ரூவ் ஆன பனியனைப் போலவே கவரில் சீல் வைத்து, சாம்பிள் பீரோவில் பூட்டினார்.

மறுநாள் தரம் பார்க்கும் அக்கா சீல் வைத்த சாம்பிளை எடுத்துவந்து, கம்ப்யூட்டர் திரையோடு ஒப்பிட்டு ரிஜெக்ட் செய்தார்.

"அப்ரூவல்ல 'தையல்'னு இருக்குது. இங்க 'பேக்கிங்'னு வருது."

"சரக்கு பேக்கிங்குக்குப் போயிருச்சுங்கக்கா."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது கண்ணு. சாம்பிளாட்டமே இருக்கோணும்."

இரண்டு நாள் மன்றாடினேன். மூன்றாம் நாள்தான் சொல்லத் தெரிந்தது: "பேட்டர்ன் அதேதானுங்கக்கா. துணிதான் மாறுது." உடனே பாஸ்.

பக்கத்து மேசையில் இதைக் கேட்ட மெர்ச்சண்டைசருக்கும், டெம்ப்ளேட் என்றால் பேட்டர்ன்தான் என்று விளங்கிவிட்டது. அன்றே டெம்ப்ளேட்டைத் திறந்து தலைப்பை மாற்றினார். என்னைக் கேட்கவில்லை. அதற்குப் பிறகு எதற்குமே கேட்கவில்லை.

இப்போது ஆறு மணிக்கு மகள் என் மடியில். செல்போன் அடிப்பதே இல்லை. சிக்னல் இருக்கிறதா என்று எடுத்து எடுத்துப் பார்க்கிறேன். நான் இல்லாமலே வேலை நடக்கிறது என்றால், என்னை எதற்கு வைத்திருப்பார்கள்?

அடுத்து பேக்கிங் லிஸ்டுக்கு ஒரு பக்கம் வேண்டுமாம். அதை ஜேஎஸ்பியில் எழுதினால் வாரம் ஒரு தடவையாவது என்னைத் தேடுவார்கள். ஆனால் தேடுவது சரியாக ஐந்தரைக்குத்தான் இருக்கும். திங்கட்கிழமை சாம்பிள் காட்ட வேண்டும். வேலைக்குப் போகும் அம்மாக்கள் யாராவது இப்படி மாட்டியிருந்தால், எனக்கு ஒரு வழி சொல்லுங்கள். எதில் எழுதட்டும்?