அம்மாவுக்கு விட்டு வைத்த இடம்

இந்த ஊரில் பனிக்காலத்தில் செத்தவர்களை உடனே புதைக்க மாட்டார்கள் என்பது, நான் கனடா வந்து பதினைந்தாவது மாதத்தில்தான் எனக்குத் தெரிந்தது. கிழக்குக் கரையோரம் ஒரு சின்ன ஊர். வீட்டோடு தங்கி நான் பார்த்துக்கொண்டிருந்த கிழவர் ஒரு ஜனவரியில் காலமானார். கோயிலில் ஆராதனை முடிந்தது, சாண்ட்விச்சும் காபியும் கொடுத்தார்கள். நான் கோட்டை மாட்டிக்கொண்டு கல்லறைக்குக் கிளம்ப வாசலில் தயாராக நின்றேன். அவர் மனைவி மார்கரெட் என்னைப் பார்த்து, "எங்கே கிளம்பிவிட்டாய்? அவரை மே மாதம்தான் புதைப்போம்" என்றார். மண் உறைந்து இரும்பாகிக் கிடக்கிறது, மண்வெட்டி இறங்காது. கல்லறைத் தோட்டத்து மூலையில் கல்லால் கட்டிய ஓர் அறை இருக்கிறது. பெட்டியை அதில் வைத்துப் பூட்டிவிட்டு, மண் இளகும்வரை காத்திருப்பார்கள். பால் தீர்ந்துபோயிற்று என்று சொல்வதுபோல மார்கரெட் இதைச் சொன்னார். காலையில் உயிர் போனால் சாயங்காலத்துக்குள் மண் போட்டுவிட வேண்டும் என்று பரபரக்கிற ராயபுரத்திலிருந்து வந்தவள் நான்.

எங்கள் பக்கத்தில் காத்திருப்பு வேறு மாதிரி. காசிமேட்டுக் கல்லறைத் தோட்டத்தில் புதிய இடம் கிடையாது. குடும்பக் குழி இருந்தால், ஒருவரை வைத்துப் பதினான்கு வருடம் ஆனபின் அதையே திறந்து அடுத்தவரை வைக்கலாம். எங்கள் குழியில் மூன்று பேர் வரை வைக்கலாம் என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். அதில் முதலில் போனவர் அப்பா. துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர், நான் ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது மஞ்சள் காமாலையில் போய்விட்டார். கல்லில் அப்பாவின் பேரை மேல்பாதியில் மட்டும் செதுக்கச் சொன்னாள் அம்மா. நடுவில் எழுதினால்தான் லட்சணமாக இருக்கும் என்றார் கல் வேலைக்காரர். "கீழ என் பேர் வரணும்பா. எனக்கு இன்னா, தனியா கல்லு போடப் போறாங்களா?" என்றாள். அப்போது அவளுக்கு நாற்பது வயதுகூட ஆகியிருக்கவில்லை.

ஒவ்வொரு ஈஸ்டர் விடியற்காலையும் ஒரு வாளித் தண்ணீரோடு மூன்று பேரும் போவோம். அப்பாவின் பேரைக் கழுவுகிற அதே அக்கறையோடு கீழேயிருக்கும் வெற்றுப் பாதியையும் அம்மா தேய்த்துக் கழுவுவாள். தம்பி டேனிக்கு வாய் சும்மா இருக்காது. "இன்னாம்மா, உன் ரூமைக் கூட்டிகினு கீறியா?" என்பான். "ஆமாண்டா. வாடகை இல்லாத வூடு, சுத்தமா வெச்சிக்க வேணாமா?" என்று சிரிப்பாள். அவளுக்கு இந்த உலகத்தில் சொந்தமாக ஓர் இடம் உண்டு என்றால் அது அந்த ஆறடிதான். நாங்கள் இருந்த வீடுகளெல்லாம் யாரோ ஒருவருடைய மாடிப்படிக்குக் கீழேதான் இருந்தன.

நான் கனடா வந்தபின் ஒரு நவம்பரில் அந்தப் பதினான்கு வருடம் முடிந்தது. அம்மா அதற்காக வீட்டில் ஸ்தோத்திரக் கூட்டமே வைத்துவிட்டாள். எதற்கு நன்றி சொல்லி ஜெபிப்பது என்று தெரியாமல் ஆயர் விழித்ததாக டேனி கடிதத்தில் எழுதியிருந்தான். படித்துவிட்டு நான் சமையலறையில் தனியாகச் சிரித்தேன். நான் எழுதிய பதிலில் என்னுடைய கணக்குகள் இருந்தன. இரண்டு வருடம் முதியவர்களைப் பார்த்துக்கொண்டால் நிரந்தரமாக இருக்க விண்ணப்பிக்கலாம். பேப்பர் வந்ததும் டேனியை எண்ணூர் கன்டெய்னர் யார்டிலிருந்து பிடுங்கி இங்கே கொண்டுவந்துவிடுவேன். அடுத்த முறை போனில் அம்மா கேட்ட முதல் கேள்வி, "கர்த்தருக்குச் சித்தமானால்னு ஏன்டி எழுதல?" என்பதுதான். அவள் அதைச் சொல்லாமல் மார்க்கெட்டுக்குக்கூடப் போகமாட்டாள். சித்தம் இல்லாமலா விசா கிடைத்தது என்று நான் வாயாடினேன்.

கிழவர் அந்தக் கல் அறையில் கிடந்த ஐந்தாவது வாரம், நான் மார்கரெட்டுக்கு ரொட்டி வாட்டிக்கொண்டிருந்த காலையில் போன் அடித்தது. எங்கள் தெரு எஸ்டிடி பூத்திலிருந்து அம்மா. அங்கே சாயங்காலம்.

"டேனி போயிட்டான்டி."

யார்டுக்குப் போகும் வழியில், கன்டெய்னர் லாரி, பைக். அவள் அழவில்லை. யாரோ எழுதிக் கொடுத்ததைப் படிப்பவள்போல அடுத்ததைச் சொன்னாள். "ஐஸ் பெட்டி சொல்லிக்கீறேன். ரெண்டு மூணு நாள் தாங்கும்ன்றாங்க. வருவியா?"

என் விசாவில் வெளியே போகலாம், திரும்பி வருவதுதான் கேள்வி. மறுபடி விண்ணப்பிக்க வேண்டும், கொடுப்பார்கள் என்று எந்த நிச்சயமும் இல்லை. இரண்டு வருடம் முடிய இன்னும் ஒன்பது மாதம். இதையெல்லாம் அம்மாவுக்கு விளக்கினேன். விளக்கிக்கொண்டே இருந்தேன். போயிருக்கலாம். எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டுப் போயிருக்கலாம். நான் போகவில்லை. இதை எந்தப் பூச்சும் இல்லாமல் இங்கே எழுதி வைக்கிறேன்.

"சரி," என்றாள் அம்மா. "அப்ப நாளைக்கே எடுத்துடறோம்."

"எங்கம்மா?"

"எங்கன்னா? அப்பாகிட்டதான்."

"அது உன் இடம்மா."

"எடம் தயாரா கீதுடி. இதே ஒரு வருஷம் முன்னாடின்னா அவன எங்க கொண்டுனு போயிருப்பேன்? கர்த்தர் முன்னாடியே தெறந்து வெச்சிக்கீறாரு." அப்போதுதான் அவள் குரல் உடைந்தது.

எனக்குக் கோபம் வந்தது. அம்மாமேல் இல்லை, அவள் ஸ்தோத்திரம் சொன்ன ஆள்மேல். பதினான்கு வருடம் ஒருத்தி தேய்த்துத் தேய்த்துக் கழுவிய இடத்துக்கு நன்றியையும் வாங்கிக்கொண்டு, அதில் அவள் பிள்ளையைக் கொண்டுவந்து வைப்பதற்கு என்ன பெயர்? மார்கரெட்டின் கோயிலில் நான் மாதக்கணக்கில் பாட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வாயை மூடி நின்றேன். ஜெபிக்க உட்கார்ந்தால் அம்மா கேட்டதுதான் காதில் விழும். வருவியா? நான்கு மாதம் காத்திருக்க இங்கே ஒரு கிழவரால் முடிந்தது. என் தம்பி ஒரு ஐஸ் பெட்டியில் கேட்டதோ இரண்டு மூன்று நாள்.

மார்கரெட்டிடம் நடந்ததைச் சொன்னபோது அவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். "அப்பாவின் குழியிலேயேவா? தனியாக ஒன்று கிடைக்கவில்லையா?" எங்களுக்கு அது குறைவில்லை, சேர்ந்து கிடப்பதைத்தான் ஆசைப்படுவோம் என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்தேன். அவர் அதை வறுமை என்றே எடுத்துக்கொண்டு என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். நான் திருத்தவில்லை. யாராவது கட்டிப்பிடித்தால் போதும் என்றிருந்தது.

மே மாதம் கிழவரைப் புதைத்தோம். புதுக் கல்லில் அவர் பேருக்குப் பக்கத்திலேயே மார்கரெட்டின் பேரும் இருந்தது. பிறந்த வருடம், ஒரு கோடு, அப்புறம் வெறுமை. அவர் அதைக் கையுறையால் தட்டிக் காட்டினார். "நான்கு பேருக்கு வாங்கிப் போட்டோம். பிள்ளைகள் இங்கே வரமாட்டார்களாம். உனக்கு இங்கே யாரும் இல்லையே, வேண்டுமானால் ஒன்றை நீ எடுத்துக்கொள்." அவர் விளையாடவில்லை. அதே வாரம் அம்மாவிடமிருந்து ஒரு போட்டோ வந்தது. காசிமேட்டுக் கல்லில் மேலே அப்பா, கீழே டேனி. கல் நிறைந்துவிட்டது.

"இன்னும் பதினாலு வருஷம் இருந்துட்டு வான்றாரு போலகீது கர்த்தரு" என்று அம்மா போனில் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆறு வருடம்தான் இருந்தாள். அதற்குள் எனக்குப் பேப்பர் வந்துவிட்டது, இரண்டு முறை ஊருக்குப் போய்வந்தேன். இந்த முறை ஐஸ் பெட்டி எனக்காகக் காத்திருந்தது. அவள் முகத்தின்மேல் கண்ணாடி, கண்ணாடியின்மேல் நீர். முன்பே சொல்லி வைத்திருந்தாள்: "கல்லறை ஆபீசுல போயி சண்ட போடாத. எங்க வெச்சாலும் என்னிய கர்த்தருக்குத் தெரியும்." நான் சண்டை போட்டேன். பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார் குமாஸ்தா. "தம்பிய வெச்சி ஆறு வருஷம்தாம்மா ஆவுது. இன்னும் எட்டு கீது." ஊருக்கு வெளியே, புழல் தாண்டி, யாரையும் தெரியாத ஒரு புதுக் கல்லறைத் தோட்டத்தில் அம்மாவைத் தனியாக விட்டுவந்தேன்.

கிளம்புவதற்கு முந்தின நாள் மறுபடியும் அந்த ஆபீசுக்குப் போனேன். குமாஸ்தா இந்த முறை நாற்காலி போட்டார். "அந்தக் குழில இன்னும் ஒரு எடம் கீதும்மா. உங்க வூட்ல இனி நீங்க ஒர்த்தர்தான. அது உங்களுது."

"அதில் அம்மாவைக் கொண்டுவர முடியுமா?"

"அவுங்க குழியும் பதினாலு வருஷம் ஆவட்டும். அப்புறம் எலும்ப எடுத்துகினு வந்து இங்க வெக்கலாம். ஆனா மூணு பேருதான் கணக்கு. உங்களுக்கு எடம் இருக்காது. யோசிச்சிக்கங்க."

யோசிக்க ஒன்றும் இல்லை. அங்கேயே ஒரு தாள் வாங்கி விண்ணப்பம் எழுதினேன். என்னுடைய இடத்தை என் தாயாருக்கு விட்டுக்கொடுக்கிறேன், பதினான்கு வருடம் கழித்து நானே வந்து நின்று அவரை இங்கே சேர்ப்பேன் என்று எழுதினேன். எழுதியதைப் படித்துப் பார்த்தேன். நான் உயிரோடு இருப்பேனா, இந்த ஆபீஸ் இருக்குமா, எதுவும் என் கையில் இல்லை. கீழே 'கர்த்தருக்குச் சித்தமானால்' என்று சேர்த்தேன்.

"அதெல்லாம் வேணாம்மா, தேதி போட்டா போதும்" என்றார் குமாஸ்தா. இருக்கட்டும் என்றேன். எனக்கு அவர்மேல் கோபம் தீர்ந்துவிட்டது என்று சொல்ல முடியாது, கர்த்தரைத்தான் சொல்கிறேன். அம்மா அவரை நம்பினாள். நான் அம்மாவை நம்புகிறேன். இப்போதைக்கு என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

திரும்பி வந்த அன்று பனி கொட்டிக்கொண்டிருந்தது. பெட்டியைக்கூடப் பிரிக்காமல் மார்கரெட்டிடம் போய், கிழவரைப் புதைத்த அன்று எனக்குத் தருவதாகச் சொன்ன இடம் இன்னும் இருக்கிறதா என்று கேட்டேன். "உனக்காகத்தான் வைத்திருக்கிறேன்" என்றார். சாயங்காலம் அதைப் பார்க்கப் போனேன். எது கல், எது பாதை என்று தெரியாமல் எல்லாம் வெள்ளையாக மூடிக் கிடந்தது. நான் ஒரு ஜனவரியில் செத்தால், மே வரைக்கும் அந்தக் கல் அறையில் பூட்டி வைத்திருப்பார்கள். அம்மா புழல் தாண்டி அதைவிட அதிகமாகக் காத்துக் கிடக்கப் போகிறாள்.