கண்ணாடி டம்ளரும் ஏழு புள்ளிகளும்

காலையில் எழுந்ததும் அச்சுக்காரர் கையில் எடுப்பது ஒரு கண்ணாடி டம்ளர். தண்ணீர் குடிக்க அல்ல, ஆறு வயது மகளின் கால்களில் வைத்து அழுத்திப் பார்க்க. தோலுக்கடியில் இரத்தம் கசிந்த புள்ளி அழுத்தினாலும் மறையாது என்று டாக்டர் சொல்லிக் கொடுத்திருந்தார்.

ஒரு இடத்தில் நிற்காததால் அவளுக்குப் பம்பரம் என்று பெயர். பிறவியிலேயே நோய் எதிர்ப்புச் சக்தியில் குறை. போன வருடம் அந்தக் கொஞ்சநஞ்ச எதிர்ப்பும் இரத்தத்தை உறையவைக்கும் அவளுடைய தட்டணுக்களையே எதிரி என்று நினைத்து அழிக்கத் தொடங்கியது. உடம்பெல்லாம் ஊதாப் புள்ளிகள்.

"சக்தியே இல்லங்கிறீங்க, அப்புறம் எப்படி சொந்த உடம்பையே அடிக்குது?" என்று அச்சுக்காரர் கேட்டார்.

"வேலியும் ஓட்டை, இருக்கிற வேலியும் பயிரை மேயுது," என்றார் டாக்டர்.

அதை அடக்கக் கொடுத்த மாத்திரையில் முகம் உப்பிப் பம்பரம் மூலையில் உட்கார்ந்துவிட்டது. ஆறு மாதம் புள்ளி வராமல் இருந்தால் மாத்திரையைக் குறைக்கலாம் என்றார்கள். இன்னும் நான்கே நாள்தான் பாக்கி.

அன்று காலை அவள் தொடையின் பின்பக்கம் ஏழு புள்ளிகள். டம்ளரை அழுத்தினார், மறையவில்லை. ஈரத்துணியால் துடைத்தார், போகவில்லை. மறுபடியும் டம்ளரை எடுத்தார்.

"என்னங்க, டம்ளரோட சிலையா நிக்கிறீங்க?" என்று மனைவி வந்தாள். பார்த்தாள். செருப்பைத் தேடினாள்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் இரத்தம் எடுத்து முடித்துவிட்டு, "எங்க, புள்ளியைக் காட்டுடா கண்ணு," என்றார். கையில் இருந்த ஸ்பிரிட் பஞ்சு தொடையில் உரசியது. பஞ்சு ஊதாவானது. ஏழு புள்ளிகளில் ஒன்று போய்விட்டது.

நர்ஸ் பஞ்சைப் பார்த்தார். அச்சுக்காரரின் நகங்களைப் பார்த்தார். "அண்ணே, என்ன வேலை பாக்குறீங்க?"

"பிளாஸ்டிக் பை மேல கடைப் பேர் அச்சடிக்கிறது."

"இந்த வாரம் என்ன கலர்?"

அச்சுக்காரர் தன் ஊதா நகங்களைப் பார்த்தார். தண்ணீருக்கு அசையாத மை அது. தினமும் ஸ்பிரிட் போட்டுக் கை கழுவுகிறவர் அவர்.

"நேத்து உங்க ஏப்ரன் மேல உக்காந்துதான் இவ படம் வரைஞ்சா," என்றாள் மனைவி. "இருபது வருஷமா மையோட குடித்தனம் பண்றீங்க. உங்களுக்கே தெரியலையா?"

"நான் நோயைத்தானே தேடினேன்," என்றார். சிரிப்பு வந்தது, கூடவே மூக்கும் ஒழுகியது.

மதியம் ரிப்போர்ட் வந்தது. தட்டணுக்கள் இருக்க வேண்டிய அளவில் இருந்தன. "வந்தது வந்துட்டீங்க, மாத்திரையை இன்னையிலேருந்தே கொஞ்சம் கொஞ்சமா குறைப்போம்," என்றார் டாக்டர். டம்ளரை மட்டும் விட வேண்டாம் என்றார்.

பம்பரம் மிச்சப் பஞ்சால் அப்பாவின் கட்டைவிரலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நகக்கண்ணில் இருந்த ஊதா அசையவில்லை.

"அப்பா, உனக்குப் போகல. இனிமே நீ மாத்திரை சாப்பிடு," என்றாள்.