கடலுக்கு முதுகைக் காட்டி

ராயபுரத்து ஆட்டோக்காரர் அவர். முன்பு சரக்குக் கப்பலில் சமையல்காரர். எந்த ஊரைப் பற்றிக் கேட்டாலும் வண்டியை ஓரங்கட்டி இறங்கி, கடலுக்கு முதுகைக் காட்டி நின்றுதான் வழி சொல்வார். கப்பல் நின்ற ஊர்களில் துறைமுக வாசலைச் சுற்றிப் பார்த்ததுதான் அவருடைய உலகம்.

இஸ்தான்புல்லில் எனக்கு ஒரே ஒரு சாயங்காலம்தான் என்றேன்.

"கடலுக்கு முதுகக் காட்டி நில்லு நைனா. லெஃப்ட்ல போ. ரொட்டில மீன வச்சுக் குடுப்பான், சோக்கா இருக்கும்."

"மசூதி, அரண்மனையெல்லாம்?"

"அது எங்க ஓடிப்பூடும்? மீனு ஆறிப்பூடும். அத்த மொதல்ல துன்னு."

போனேன். அங்கே கடலுக்குக் குறுக்கே போகும் ஒரு பாலத்தில் நின்று கடலுக்கு முதுகைக் காட்டினேன். எதிரேயும் கடல்! தூண்டில்காரர்கள் சிரிக்கச் சிரிக்கப் பம்பரமாய்ச் சுற்றினேன். எந்தக் கடலைச் சொன்னார் மனுஷன் என்று இன்றும் தெரியாது. ஆனால் எப்படித் திரும்பி நின்றாலும், இடது பக்கம் மீன் வறுத்துக்கொண்டிருந்தார்கள்.