சோசம்மா சிஸ்டரின் வார்டு

மாலை ஐந்து மணியானால் சோசம்மா சிஸ்டர் டூட்டியை ஒப்படைத்துவிடுவார். வாங்கிக்கொள்ளத்தான் ஆள் கிடையாது. கோட்டயத்தில் செவிலியர் சங்கக் கட்டடத்தின் மாடியில் இருப்பது ஒரே அறை, இரண்டு மேசை. அடுத்த மேசைக்காரி லைலா பீவி அந்நேரத்துக்குச் செருப்பை மாட்டிக்கொண்டிருப்பார். அவரை வாசலில் மறித்து, "ஸாம்பியா பெட் ரெண்டு, ஸ்கூலுக்குத் திரும்பிப் போயாச்சு. மலாவி பெட் அஞ்சு, பெரியப்பன் கல்யாணம் பேசுறான், ஒரு கண்ணு வச்சிருக்கணும். நேபாளம் பெட் ஒண்ணு, ஷூ சின்னதாயிடுச்சாம்" என்று ஒப்பிப்பார்.

"சேச்சி, எனக்கு பஸ் போயிடும். நைட் ஷிஃப்ட மாதா பாத்துப்பா. நீங்களும் வீட்டுக்குக் கெளம்புங்க" என்று சொல்லிக்கொண்டே லைலா படியிறங்குவார்.

பெட் என்பது சோசம்மாவின் அகராதியில் ஒரு பெண்குழந்தை. வேலையில் இருந்தபோதே இறந்துபோன செவிலியர்களின் மகள்கள் இவர்கள். உலகச் செவிலியர் கூட்டமைப்புக்குத் தலைமையகம் ஐரோப்பாவில், ஏரியைப் பார்த்த கண்ணாடிக் கட்டடத்தில். அதன் கீழே ஒரு கல்வி அறக்கட்டளை. தாயை இழந்த இந்தப் பெண்களை, ஒரு தொழில் கைக்கு வரும்வரை படிக்கவைப்பது அதன் வேலை. ஊருலகத்துக்கெல்லாம் நர்சுகளை அனுப்பும் மண்ணிலிருந்து ஒருத்தி தலைவியாக இருந்தால் பார்க்க நன்றாக இருக்கும் என்று அங்கே யாருக்கோ தோன்றியிருக்கிறது. ஓய்வுபெற்றுக் கோழி விரட்டிக்கொண்டிருந்த மேட்ரன் சோசம்மாவைப் பிடித்து உட்காரவைத்துவிட்டார்கள். வெள்ளைப் புடவையும் நரைத்த கொண்டையுமாக ஆண்டறிக்கையின் அட்டையில் அவர் படம் வந்தது. உள்ளே எழுதியிருந்ததை அவர் படித்தாரா என்பது சந்தேகம்தான்.

ஆனால் பெண்களை அவர் படித்திருந்தார். நன்கொடையாளருக்குக் காட்ட நாடு நாடாகப் புகைப்படங்கள் வரும், எல்லாவற்றிலும் ஒரே மாதிரிச் சிரிப்பு. "சிரிப்ப யாரு கேட்டா? கீழ் இமைய இழுத்துக் காட்டச் சொல்லு. எனக்கு ரத்தம் இருக்கான்னு பாக்கணும்" என்பார். வெளிநாட்டிலிருந்து தலைமையாசிரியை யாராவது போனில் குழந்தையைப் பேசவிட்டால் முதல் கேள்வி, சாப்பிட்டாயா என்பது. இரண்டாவது, வெளிக்குப் போயிற்றா என்பது. படிப்பு மூன்றாவதாகத்தான் வரும். கான்வென்ட் ஆங்கிலத்தில் அந்த இரண்டாவது கேள்வியைக் கேட்டு அதிர்ந்துபோன தலைமையாசிரியைகள் பல கண்டங்களில் இருக்கிறார்கள். எழுதுவதற்கு முன் பேனாவை உதறுவார், தெர்மாமீட்டரில் பாதரசம் இறங்கட்டும் என்பது போல. அது ஜெல் பேனா என்று லைலா எத்தனையோ முறை சொல்லிப் பார்த்துவிட்டார்.

போன மாதம் ஒரு பிற்பகல், நிர்வாகக் குழு திரையில் கூடியது. கூட்டமைப்பின் தலைமை நிர்வாகி மார்கிட் பொன்னிறமான பெண்மணி, நல்லவர்தான். யாரையும் நோகடிக்காமல் பேசத் தெரிந்தவர். பள்ளிக் கட்டணம் கட்டுவது பழைய காலத்துத் தர்மம் என்றார். இனி அறக்கட்டளை செவிலியர்களிலிருந்து தலைவர்களை உருவாக்கும். மேலதிகாரிகளுக்கு ஹோட்டலில் ஒரு வாரப் பயிற்சி, சான்றிதழ், கழுத்தில் அட்டை. இந்த ஆண்டோடு பெண்களின் படிப்புத் திட்டம் "நிறைவு பெறுகிறது". எதிர்ப்பவர்கள் கை தூக்கலாம் என்றபோது திரையில் இருந்த கட்டங்களில் ஒன்றே ஒன்றில்தான் கை தெரிந்தது.

சோசம்மா அதற்கு முன்பே எல்லாம் பேசிப் பார்த்திருந்தார். பாதிப் படிப்பில் விட்டால் இவர்கள் எங்கே போவார்கள் என்று கேட்டிருந்தார். மலாவிப் பெண்ணின் பெரியப்பனைப் பற்றிக்கூடச் சொல்லியிருந்தார். அவருடைய உணர்வைப் பதிவு செய்துகொள்வதாக மார்கிட் சொன்னார். கடைசியில் ஒரு வேண்டுகோளும் வைத்தார்: சேதியைச் சோசம்மாவே சொல்லிவிட வேண்டும். குழந்தைகள் அவரைத் தாயாக நினைக்கிறார்கள் அல்லவா?

திரை அணைந்ததும் லைலா மேசையில் அறைந்தார். "அட்டையில உங்க படத்தப் போட்டப்பவே எனக்குத் தெரியும் சேச்சி. ஆட்டுக்கு மால போடறது அதக் கல்யாணம் கட்டிக்கறதுக்கா? ராஜினாமா குடுத்துட்டு எறங்கி வாங்க!"

"எறங்கிட்டா குழந்தைங்களுக்கு யாரு சொல்லுவா? அந்த மார்கிட்டா?"

"இப்ப மட்டும்? நீங்க சொல்லிடுவீங்களா?"

அனுப்பவேண்டிய வாசகத்தைத் தலைமையகமே எழுதிக் கொடுத்திருந்தது. 'உங்கள் பயணம் தொடர்கிறது' என்று அது தொடங்கியது. அதைச் சோசம்மா யாருக்கும் அனுப்பவில்லை. ஐந்து மணிக்கு வழக்கம்போல ஒப்படைத்தார், எல்லாப் பெட்டும் சுகம் என்றே சொன்னார். லைலா அன்று பஸ்ஸைப் பற்றி ஒன்றும் பேசாமல் கடைசிவரை நின்று கேட்டுவிட்டுப் போனார். அப்படியே நாட்கள் ஓடின. தன்னை நம்பியிருக்கும் பெண்களை ஏமாற்றிக்கொண்டிருக்கிறோம் என்பது சோசம்மாவை உள்ளுக்குள் அரித்தது. ஜெபத்திலும் மனம் நிற்கவில்லை. ஓய்வூதியம் முழுவதும் மகனின் கனடாக் கடனுக்குப் போய்விடுகிறது. ஒருத்தியைக்கூடத் தூக்கிவிடும் வலு அவரிடம் இல்லை.

தூரத்தில் இருப்பவர்களுக்குப் போன்தான் கதி. பக்கத்தில் இருப்பவளிடமாவது நேரில் சொல்லிவிடுவோம் என்று ஒரு சனிக்கிழமை காலையில் ஈராற்றுப்பேட்டை பஸ்ஸில் ஏறினார். அவர் கணக்கில் கோட்டயம் பெட் ஒன்று, பெயர் ஜிஸ்மோள். அம்மா ஷீபா கொரோனா வந்த வருஷம் மஸ்கட்டில் டூட்டியிலேயே விழுந்தவள். மகள் இப்போது பி.எஸ்சி. நர்சிங் இரண்டாம் ஆண்டை முடிக்கப்போகிறாள். தனியார் கல்லூரி. நடுவில் நின்றால் மீதி வருஷங்களின் கட்டணத்தையும் கட்டினால்தான் பிளஸ் டூ சான்றிதழே திரும்பக் கைக்கு வரும். அதாவது, நின்றுபோனால் அவளால் வேறெங்கும் போய்ச் சேரவும் முடியாது. பஸ்ஸில் சோசம்மா, இனிப் பணம் வராது என்ற அந்த ஒரு வாக்கியத்தைத் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனார்.

ரப்பர் மரங்களுக்கு நடுவே ஓடு வேய்ந்த வீடு. விடுமுறைக்கு வந்திருந்த ஜிஸ்மோள் ஈரக்கூந்தலோடு ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "சிஸ்டரே! ஒரு வார்த்தை சொல்லாம வந்து நிக்கறீங்களே!" அவள் அப்பன் குரியாச்சன் ரப்பர் பால் வெட்டிவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். இடுப்பைப் பிடித்துக்கொண்டே எழுந்தவர், "நீ சிஸ்டரோட பேசிக்கிட்டிரு மோளே, சாயா நான் போடறேன்" என்று உள்ளே போனார்.

"சாப்பிட்டியா?"

"ஆச்சு. வெளிக்கும் போயாச்சு" என்று சிரித்தாள் பெண். "வார்டுல நானும் இப்ப எல்லார்கிட்டயும் அதத்தான் கேக்கறேன். என் கூட இருக்கறவளுங்க எனக்குச் சோசம்மான்னே பேரு வச்சிட்டாளுங்க."

சோசம்மாவும் சிரிக்கப் பார்த்தார்.

"சிஸ்டரே, ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். மூணாம் வருஷ ஃபீஸ் எப்ப வரும்னு காலேஜ்ல கேட்டுக்கிட்டே இருக்காங்க. நான் என்ன சொல்லட்டும்?"

பஸ்ஸில் பழகிய வாக்கியம் தொண்டைவரை வந்தது. வெளியே வந்தது வேறு. "அது... ஹெட் ஆஃபீஸ்லேர்ந்து சொல்லுவாங்க மோளே. அவங்களே சொல்லட்டும்."

சொன்ன பிறகுதான் தன் வாயிலிருந்து வந்தது என்ன என்று அவருக்கே புரிந்தது. வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் அவர் செய்துவந்தது இதைத்தான். ஆள் போய்விட்டது என்று முதலில் தெரிவது நர்சுக்கு. திரையை இழுத்துவிட்டு வெளியே வந்தால், காத்திருப்பவர்கள் முகத்தையே பார்ப்பார்கள். "டாக்டர் இப்ப வருவார், அவரே சொல்லுவார்" என்பதோடு நர்சின் அதிகாரம் முடிந்தது. சட்டம் அப்படி. எத்தனையோ சாவுகளுக்குப் பக்கத்தில் நின்றும் அந்தச் சொல்லை ஒருமுறைகூட அவர் வாயால் சொல்ல நேர்ந்ததில்லை. கழுவித் துடைத்த தட்டு போல முகத்தை வைத்துக்கொள்ள மட்டும் பழகியிருந்தார். இப்போதும் முகத்தை அப்படித்தான் வைத்திருந்தார்.

ஜிஸ்மோள் அந்த முகத்தைப் பார்த்தாள். பிடித்திருந்த கையை மெல்ல விட்டாள். இரண்டு வருஷமாக அவளும் வார்டில் நிற்பவள்தானே.

"எங்களுக்கும் சொல்லிக் குடுத்திருக்காங்க சிஸ்டரே" என்றாள். குரலில் அழுகை இல்லை, அதுதான் சோசம்மாவுக்குத் தாங்கவில்லை. "நாம சொல்லக் கூடாது, டாக்டர்தான் சொல்லணும்னு. பரீட்சைல கூட வந்துச்சு."

வெளியே மரத்துச் சிரட்டைகளில் பால் சொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே குரியாச்சன் டம்ளர் கழுவும் சத்தம் கேட்டது.

"எனக்கு மட்டுமா, எல்லாருக்குமா?"

சோசம்மா வாயைத் திறந்தார். அதற்குள் குரியாச்சன் வந்துவிட்டார். தட்டில் ஆவி பறக்கும் சாயா, பக்கத்தில் வறுத்த பலாச்சுளை. முகமெல்லாம் சிரிப்பு. "நல்லாப் பால் ஊத்தியிருக்கேன் சிஸ்டரே. இவ படிச்சு முடிச்சதும் முதல் சம்பளத்துல உங்களுக்குப் புடவைன்னு சொல்லிக்கிட்டே இருக்கா. எடுத்துக்கங்க, ஆறிடப் போகுது."

சோசம்மா சிஸ்டர், துக்கம் கேட்கப் போன வீட்டில் எதையும் குடிக்காதவர்கள் செய்வது போல, டம்ளரின் வாயை உள்ளங்கையால் மூடினார்.