ரவிக்கைத் துணி ஆடு

அடையாறில் அண்ணன் வீட்டுக் குடும்ப ஜெபம் முடிந்ததும், அந்துருண்டை வாசத்தோடு அந்தப் பழைய பஞ்சு ஆடு வெளியே வந்தது. "இது தாத்தா செஞ்ச ஆடு. ஒளிச்சு வைக்கிறேன், தேடுங்க" என்று அண்ணன் தன் பிள்ளைகளிடம் சொன்னபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எங்கள் அப்பாவா செய்தார்? தேனாம்பேட்டை வீட்டில், தன் கிழிந்த ரவிக்கைக்குள் தலையணைப் பஞ்சை அடைத்து அதைத் தைத்தவள் அம்மா. வெள்ளிக்கிழமைதோறும் ஜெபத்துக்கு முன் அதை ஒளித்து வைத்தவளும் அவள்தான். அப்பா நாற்காலியில் உட்கார்ந்தபடி, "காணாமப்போன ஆட்டைத் தேடுங்க பிள்ளைங்களா!" என்று குரல் மட்டும் கொடுப்பார். கட்டிலடியிலோ அரிசி டின்னுக்குப் பின்னாலோ ஆடு கிடைத்ததும் எல்லோரும் கைதட்டுவோம். அம்மா மட்டும் அடுப்படியில் இருப்பாள்.

"அம்மாவையும் கூப்பிடுங்கப்பா" என்றேன் ஒருமுறை.

"அவ வந்துட்டா தோசை யாரு சுடுறது?" என்றார். தொண்ணூற்றொன்பது ஆடுகளை விட்டுவிட்டு ஒன்றைத் தேடிப்போன மேய்ப்பனின் கதையை அப்போதுதான் சொல்லி முடித்த அதே வாய்!

இப்போதும் சமையலறையில் தோசைக்கல் சுர்ரென்றது. "அண்ணியும் விளையாட வரட்டும்" என்றேன்.

"அவ வந்துட்டா தோசை யாரு சுடுறது?" என்று அண்ணன் சிரித்தான்.

உள்ளே போய் அண்ணியிடமிருந்து தோசைக் கரண்டியை வாங்கிவந்து அவன் கையில் திணித்தேன்.

"நீயே சுடுண்ணா. அண்ணி ஆடு தேடணும்."